போலியும் பொருளும்

தமிழ் இலக்கணம் கற்றோர் 'போலி' என்னும் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. அறம் என்பது அறன் என்று வரும்; பந்தல் என்பது பந்தர் என்று வரும்; மயல் என்பது மையல் என்று வரும். ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நிற்கிறது. ஆயினும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. இதனையே முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கண ஆசிரியர்கள் வகுத்துரைத்தனர். உலக வழக்கிலோ அதே சொல் வசைச்சொல்லாகிவிட்டது. போலி மருந்து என்கிறோம். போலிப் பத்திரம் என்கிறோம். போலி வேடம் என்கிறோம். ஒரே சொல் ஓரிடத்தில் இயல்பாகவும் மற்றோரிடத்தில் இழிவாகவும் நிற்பதற்குக் காரணம் யாது? முன்னதில் பொருள் மாறவில்லை. பின்னதில் பொருள் மாறிவிட்டது. அவ்வளவே வேறுபாடு.

இவ்வளவுகோலைக் கொண்டு நாம் இங்கே ஆராயப் புகும் செய்தி, முதற்பார்வைக்கு இவ்விதழின் பக்கங்களுக்குப் பொருந்தாதது போலத் தோன்றலாம். மேலைநாடுகளில் பழம்புகழ் வாய்ந்த கார்களின் அசலை வாங்க இயலாதோர், அவற்றை அச்சாக ஒத்த நகல்களைச் செய்தும் செய்வித்தும் வைத்துக்கொள்கின்றனர். இச்செயல் தகுமா, தகாதா என்பதே வினா. செல்வர் விளையாட்டு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு பொருளை எதற்காக விரும்புகிறோம், அதனை வைத்துப் பிறரிடம் நம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறோம் என்னும் இரு வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. கார் இல்லாதவருக்கும் அவ்விரு வினாக்களிலிருந்து விடுதலை இல்லை. இவற்றை ஆராய்வதற்கு அமெரிக்கத் திரைப்படம் ஒன்றும் நமக்கு நல்ல துணையாகிறது.

விலையும் மதிப்பும்

முதலில் அசலின் நிலையைக் காண்போம். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1955-இல் 300 எஸ்.எல்.ஆர். வரிசையில் மூடிய கூரை கொண்ட கார்கள் இரண்டே இரண்டு செய்தது. அவற்றுள் ஒன்று 2022 மே மாதத்தில் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அத்தொகை இளையோரின் கல்வி உதவி நிதிக்குச் சென்றது என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் காரை 36 மட்டுமே செய்தது. அவற்றுள் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று.

இவ்விலை எதற்கு? வேகத்திற்கு அன்று, அதனினும் விரைந்தோடும் கார் இன்று அதன் நூற்றிலொரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. வசதிக்கும் அன்று, அக்காலப் பந்தயக் கார்களில் வெப்பமும் இரைச்சலும் மிகுதி. எண்ணிக்கையின் அருமைக்கும் வரலாற்றுக்குமே அவ்விலை. சட்டகத்தில் பொறித்த எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா என்று வல்லுநர் ஆய்கின்றனர். எண்கள் ஒத்தால் ஒரு விலை. ஒவ்வாவிடில் வேறு விலை. இந்நிலைக்கு உயர்ந்துவிட்ட காரை அதன் உரிமையாளர் சாலைக்குக் கொண்டுவர அஞ்சுவது இயல்பே. ஒரு கீறல் பட்டால் ஒரு வீட்டின் விலை போய்விடும்.

இனி நகலின் நிலை. கோப்ரா என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்துவந்த திறந்த கார் ஒன்றில், அமெரிக்கப் பந்தய வீரராகிய கரோல் ஷெல்பி 1962-இல் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தினார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் கார்களே செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவது, 2016-இல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. இன்று சாலையில் ஓடும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை நகல்களே. எஃகுக் குழாய்களால் சட்டகம் அமைக்கின்றனர். கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு அச்சில் வார்த்த உடலை அதன்மேல் பொருத்துகின்றனர். வேறொரு சாதாரணக் காரிலிருந்து கழற்றிய இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் அதனுள் வைக்கின்றனர். உறுப்புகளைத் தொகுப்பாக வாங்கி, மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கூட்டி முடிப்போர் பலர். ஒரு சாதாரணக் குடும்பத்தின் சேமிப்புக்கு எட்டும் செலவில் அக்காரின் வடிவும் ஓசையும் அவர்களுக்குக் கிட்டிவிடுகின்றன. மழையில் நனைந்தாலும், சிறு கல் பட்டு வண்ணம் உதிர்ந்தாலும் அவர்கள் உறக்கம் கெடுவதில்லை. கார் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதனை அந்நகல் செய்கிறது, ஓடுகிறது.

துடைக்கப்படும் காரும் துடைக்கப்படாத கண்ணீரும்

அமெரிக்க இயக்குநர் ஜான் ஹியூஸ் 1986-இல் வெளியிட்ட 'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' என்னும் நகைச்சுவைப் படம் இச்செய்தியை எதிர்பாராத ஆழத்தோடு தொடுகிறது. ஃபெரிஸ் என்னும் பள்ளி மாணவன் நோயுற்றவன் போல நடித்து ஒரு நாள் பள்ளியைத் தவிர்க்கிறான். தன் நண்பன் கேமரூனின் தந்தை உயிரினும் மேலாகப் போற்றும் சிவப்பு நிறக் காரை எடுத்துக்கொண்டு, கேமரூனோடும் ஸ்லோன் என்னும் தோழியோடும் சிகாகோ நகரைச் சுற்றுகிறான். அக்கார் 1961-ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா. நூற்றுச் சொச்சமே செய்யப்பட்ட வகை அது.

கேமரூனின் தந்தையைப் படம் ஒருமுறையேனும் காட்டுவதில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய கார் நிற்கிறது. கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த தனிக் கூடத்தில், கோவில் கருவறையில் நிற்பது போல அது நிற்கிறது. அவர் அதனை ஓட்டுவதில்லை. பச்சிளங்குழந்தைக்குக் கட்டும் துணி கொண்டு அதனைத் துடைப்பாராம். மகன் வாயிலாக வரும் இச்சிறு செய்தியே படத்தின் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம். குழந்தைக்குரிய துணி காருக்குப் போயிற்று. குழந்தைக்குரிய நேரமும் கனிவும் அத்துணியோடு போயின. அவ்வீட்டில் வளர்ந்த மகன் அச்சத்தாலேயே நோயாளியாகிப் படுக்கையில் கிடக்கிறான்.

மாலையில் வீடு திரும்புகின்றனர். காரில் ஓடிய தொலைவைக் காட்டும் எண் கூடியிருக்கிறது. சக்கரம் தரையில் படாதவாறு பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, பின்னோக்கிச் சுழலவிட்டால் எண் குறையும் என்று நம்புகின்றனர், குறையவில்லை. நடந்ததை நடவாததாக்கும் பொறி எதுவும் மனிதனிடம் இல்லை என்பதை இதனினும் எளிய காட்சியால் யாரும் சொல்ல இயலாது. அடக்கிவைத்த ஆண்டுகள் அனைத்தும் பொங்கியெழ, கேமரூன் காரை உதைக்கிறான். தாங்கியிருந்த கருவி நழுவ, கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் வீழ்கிறது. பழியைத் தான் ஏற்பதாக ஃபெரிஸ் முன்வருகிறான். கேமரூன் மறுத்துவிடுகிறான். தந்தையைத் தானே எதிர்கொள்வதாகச் சொல்கிறான். அன்றுதான் முதன்முறையாக அவன் முகத்தில் அச்சம் இல்லை.

இப்படத்தின் குறைகளையும் சொல்லுதல் திறனாய்வின் கடமை. ஃபெரிஸின் நாள் முழுவதும் போலிகளால் நிறைந்தது. படுக்கையில் ஒரு பொம்மை, குறட்டைக்கு ஒலிப்பதிவு, உணவகத்தில் வேறொருவர் பெயர். இவையனைத்தையும் படம் கைதட்டி இரசிக்கிறது. அவன் எதற்கும் விலை கொடுப்பதில்லை. விலை கொடுப்பவன் கேமரூன் ஒருவனே. நண்பனின் துணிவு என்று படம் போற்றுவது, ஆழ்ந்து நோக்கின், பிறனொருவன் வீட்டுப் பொருளை வைத்து ஆடிய விளையாட்டேயாகும். மேலும், தந்தையை முகமற்றவராகவே விட்டதனால் அவருக்கு மனமாற்றத்தின் வாயிலும் அடைபட்டுவிடுகிறது. பள்ளத்தில் வீழ்ந்த காரைப் பார்க்கும் அந்த மனிதர் என்ன செய்தார்? தன் மகனைக் கண்டுகொண்டாரா? ஊதாரி மைந்தனின் உவமையில் வீட்டிலிருந்து ஓடிவந்து தழுவியவர் தந்தை. இங்கே அத்தகைய ஓட்டத்திற்கு ஒரு நொடி இடமும் இல்லை. இயக்குநர் இவ்விடத்தில் இன்னும் ஓரடி நடந்திருக்கலாம் என்பது நம் கருத்து.

ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இப்படம் ஒரு வியப்பான சான்றை வைத்துள்ளது. திரையில் ஓடுவதும் வீழ்வதும் அசல் ஃபெராரி அன்று. சில அண்மைக் காட்சிகளுக்கு மட்டுமே அசல் பயன்பட்டது. ஏனையவற்றில் நாம் காண்பது கண்ணாடி இழையால் வார்த்த நகல். அசலை வழிபட்டுத் தன் மகனை இழக்கும் ஒரு மனிதரின் கதையைச் சொல்வதற்கு நகலே போதுமாயிற்று. கதைக்கு வேண்டிய பொருள் நகலில் மாறவில்லை.

அதனினும் வியப்பு பின்னர் நிகழ்ந்தது. படத்திற்காகச் செய்த அந்நகல்களுள் ஒன்று 2020-இல் ஏறத்தாழ 4 லட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. உண்மையாகவே படத்தில் ஓடிய நகல் என்பதால் அவ்விலை! நேற்றைய நகல் இன்று அசலாயிற்று. விலைக்கு முன் மண்டியிடும் மனத்திற்கு எதுவும் சிலையாகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அசலுக்குரிய மரியாதை

இவ்வாறு கூறுவதனால் அசலுக்கு மதிப்பே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நன்றி கெட்ட செயல். அசல் என்பது முதன்முதலாக ஒரு மனிதன் சிந்தித்ததன் சாட்சி. அதன் அலுமினியத் தகட்டில் கைவினைஞரின் சுத்தியல் பட்ட தடம் உண்டு. புனிதர்களின் அருளிக்கங்களைப் போற்றும் நமக்கு இவ்வுணர்வு புரியாததன்று. அன்புக்குரியவர் தொட்ட பொருளை, அதே வடிவான வேறொன்றுக்கு நாம் மாற்றிக்கொள்வதில்லை.

ஆனால் அசலை மதிப்பதற்கு இருவழிகள் உள்ளன. மேற்கூறிய படமே இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. அன்றைய உலாவின் நடுவே மூவரும் சிகாகோவின் கலைக்கூடத்திற்குச் செல்கின்றனர். அங்கே பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை புள்ளி புள்ளியாக வைத்துத் தீட்டிய பெரிய ஓவியத்தின் முன் கேமரூன் நிற்கிறான். ஆற்றங்கரையில் தாயின் கைபிடித்து நிற்கும் ஒரு குழந்தையின் முகத்தை உற்றுநோக்குகிறான். நெருங்க நெருங்க முகம் மறைந்து புள்ளிகளே எஞ்சுகின்றன. தன் வீட்டில் தானும் அவ்வாறே காணப்படாது போனவன் என்பதை அவன் உணர்கிறான் போலும். அவ்வோவியம் விலை மதிப்பற்ற அசல். ஆயினும் ஒரு பள்ளிச் சிறுவன் அதன் முன் நின்று தன் துயரத்தை அறிந்துகொள்ள முடிகிறது. அவன் தந்தையின் காரும் அசல் என்றே கதை சொல்கிறது. அதன் முன் அவனுக்கு நடுக்கம் ஒன்றே மிஞ்சியது. ஊரார்க்குத் திறந்த அசல் ஊட்டுகிறது. ஒருவனுக்குப் பூட்டிய அசல் பட்டினி போடுகிறது.

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணை வீட்டின் கொட்டகைகளில் 2014-இல் அறுபது அளவில் பழைய கார்கள் கண்டெடுக்கப்பட்டன. அருங்காட்சியகம் அமைக்கும் நோக்கோடு ஒரு தொழிலதிபர் அவற்றைச் சேர்த்தார். தொழில் நொடித்துப்போனதால் அவை பல பத்தாண்டுகள் துருவேறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று மேற்கூறிய ஃபெராரி கலிபோர்னியா வகையே. பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன் ஒருகாலத்தில் வைத்திருந்த அக்கார், பழைய இதழ்க் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. 2015 பிப்ரவரியில் பாரிசு ஏலத்தில் அது 1 கோடியே 63 லட்சம் யூரோ பெற்றது. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் உவமை நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இக்காலச் சந்தை புதைத்தவரின் தாலந்துக்கும் வட்டி கொடுக்கிறது. அதனாலேயே புதைக்கும் ஆசை மனிதரிடம் வளர்கிறது.

அசல் என்னும் தகுதிதான் எவ்வளவு உறுதியானது? கோப்ராவின் உடலாக அமைந்த ஏ.சி. ஏஸ் கார் 1953-இல் வெளிவந்தபோது, அதன் வடிவம் இத்தாலியின் ஃபெராரி 166 பார்கெட்டாவைப் பின்பற்றியதென்று பார்த்தவர் யாவரும் அறிவர். இன்று கோடிகள் பெறும் அசலின் முகமே மற்றொரு முகத்தின் சாயல்! இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1963-இல் எடை குறைந்த ஈ டைப் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு 12 மட்டுமே செய்தது. எஞ்சிய ஆறு எண்களுக்குரிய கார்களை அரை நூற்றாண்டு கழித்து 2014-இல் செய்யத் தொடங்கியது. 1957-இல் தீ விபத்தில் அழிந்துபோன ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்கு ஈடாக வேறு ஒன்பதைச் செய்வதாக 2016-இல் அறிவித்தது. இவை அசலா, நகலா? பெயர் அதே, வரைபடம் அதே, செய்த கைகள் வேறு, காலமும் வேறு. நகல் என்றால் இழிவு என்று முன்னம் கூறியோரே, நிறுவனத்தின் முத்திரை விழுந்ததும் 'தொடர்ச்சி' என்று புதுப்பெயர் சூட்டி வரவேற்றனர். ஆகவே பலர் போற்றுவது முதன்மையை அன்று, முத்திரையையே என்பது தெளிவாகிறது.

நகலின் சோதனை

நகலைப் பற்றி இதுகாறும் பரிந்து பேசினோம். இனி அதனையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். நகலை வைத்திருப்போர் அனைவரும் வடிவின் அழகுக்காகவும் ஓட்டும் இன்பத்திற்காகவுமே வைத்திருக்கின்றனர் என்று நம்புவதற்கு நாம் அத்துணை வெள்ளையுள்ளம் படைத்தவர் அல்லோம். சாலையோரம் நிற்பவர் வியந்து நோக்கும்போது, 'அசல்தானே?' என்று அவர் கேட்கும்போது, புன்னகைத்துவிட்டு மௌனமாயிருக்கும் உரிமையாளர் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை; ஆயினும் பொய்ச் சான்று பகர்ந்தவராகிறார். எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமே உரியது என்று நாம் கற்கவில்லை.

இந்நுட்பத்தை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆராய்ந்தது. 1984-இல் தொடங்கிய 'மியாமி வைஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளர் ஓட்டிய கரிய ஃபெராரி டேடோனா, உண்மையில் கார்வெட் என்னும் அமெரிக்கக் காரின்மேல் வேறு உடல் பொருத்திய நகல். அத்தகைய நகல்களின் மோகம் பரவிய அக்காலத்தில் ஒரு சிறு தயாரிப்பாளர் கண்ணாடி இழை உடல்களை ஏறத்தாழ 8,500 டாலருக்கு விற்றார். ஃபெராரி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வாங்குவோர் எல்லாரும் அது நகல் என்று அறிந்தே வாங்குகின்றனர்; இதில் ஏமாற்றப்பட்டவர் யார் என்பது எதிர்வாதம். 1991-இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வாங்குபவர் அறிந்திருக்கலாம், சாலையில் அதனைக் காண்பவர் அறியமாட்டாரே என்றது. நகலை விற்பவர் வாங்குபவருக்கு உண்மை சொன்னால் மட்டும் போதாது. வாங்கியவர் ஊருக்கும் உண்மை சொல்லக் கடன்பட்டவர் என்னும் அறநுட்பம் இதனுள் ஒளிந்திருப்பதாக நாம் காண்கிறோம்.

ஏழாம் கட்டளையும் இங்கே உண்டு. ஒரு வடிவத்தைக் கண்டவரின் உழைப்பு, உரிமை உள்ளவரின் இசைவின்றி வேறொருவர் கையில் வணிகமாதல் நீதியாகாது. 2019-இல் இத்தாலியின் பொலோனியா நகர நீதிமன்றம் 250 ஜி.டி.ஓ. காரின் வடிவத்தை ஒரு கலைப்படைப்பாகவே ஏற்று, பிறர் அதனைப் படியெடுத்துச் செய்தலைத் தடை செய்தது. அதே வேளை, நியாயமான வழி அடைபடவும் வேண்டியதில்லை. அமெரிக்க நாட்டில் 2015-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை ஒத்த நகல்களைச் சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 வரை செய்ய இடமளித்தது. அதற்குரிய விதிகள் 2021-இல் முடிவாயின. வடிவத்தின் உரிமையாளரிடம் இசைவு பெற வேண்டும். காரின்மேல் அதன் தன்மையை உரைக்கும் நிலையான சீட்டு ஒட்டப்பட வேண்டும். இசைவும் பெயரும்: இவ்விரண்டும் இருந்தால் நகல் தலைநிமிர்ந்து நிற்கலாம். சட்டம் சீட்டோடு நின்றுவிடுகிறது. 'இது நகல், ஐயா. ஆனால் அழகாக இல்லையா?' என்று கேட்பவரிடம் சொல்லும் எளிமை உள்ளத்தில் எழ வேண்டும்.

சாயல் என்னும் அருள்

நகலை இவ்வாறு நேர்மையோடு போற்றுவது நம் மரபுக்குப் புதியதன்று. நம் பங்குகள் பலவற்றில் லூர்து கெபி உண்டு. அது பிரான்சில் உள்ள மலைக்குகை அன்று என்பதை அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும் மூதாட்டியும் அறிவார். அதனால் அவருடைய செபம் குறைந்துபோவதில்லை. 787-இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம், திருவுருவத்திற்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று அறிவித்தது. உருவம் தன்னிடமே பார்வையைத் தடுத்து நிறுத்திக்கொண்டால் அது சிலைவழிபாடு. தன்னைக் கடந்து செல்லவிட்டால் அது பக்தி. இவ்விதி நகலுக்கு மட்டுமன்று, அசலுக்கும் பொருந்தும்.

நற்செய்தி நூல்களை எண்ணிப் பாருங்கள். நற்செய்தியாளர் தம் கைப்பட எழுதிய ஏடு ஒன்றேனும் நம்மிடம் இல்லை. நாம் முத்தமிடும் நற்செய்தி, பெயரறியா எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்த படிகளின் வழியே வந்தது. அவர்கள் தம் பெயரை மறைத்துக்கொண்டு மூலத்தின் சொல்லைக் காத்தனர். நேர்மையான நகலின் இலக்கணம் இதுவே: தன்னை முன்னிறுத்தாமை, மூலத்தைத் திரிக்காமை, பிறர் கையில் சேர்தல். இன்னும் ஒருபடி மேலே சென்றால், மனிதனே கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் அல்லனோ? கிறிஸ்துவைத் தாம் பின்பற்றுவது போலத் தம்மைப் பின்பற்றுமாறு கொரிந்தியரை அழைத்தார் புனித பவுல். புனிதர்கள் எல்லாரும் அவ்வகையில் சாயல்களே. தாம் சாயல் என்பதை மறவாததனாலேயே அவர்கள் புனிதர்கள். தன்னை அசலென்று எண்ணிய முதல் மனிதனின் கதை நமக்குத் தெரியும்.

தீர்ப்பு

இவ்வளவும் கூறியபின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்பது அரிதன்று. ஒரு காரின் பொருள் யாது? ஓடுதல், வடிவின் அழகு, அதனைக் கண்டவர்பால் நன்றி, உடன் பயணம் செய்வோரின் மகிழ்ச்சி ஆகியவையே அதன் பொருள் எனின், நேர்மையாகச் செய்து நேர்மையாகச் சொல்லும் நகல் இலக்கணம் ஏற்கும் போலியே. அறம் அறன் என வந்ததனால் அறம் கெடவில்லை. அயலார் பொறாமையும் ஆள்மீறிய பெருமையுமே அதன் பொருள் எனின், நகல் வசைச்சொல்லாகிய போலியாகிவிடுகிறது. அந்நோக்கத்தோடு வாங்கப்படும் அசலும் அப்போது போலியே. எண்கள் ஒத்திருந்தாலும் அதன் பொருள் மாறிவிட்டது. முன்னவர் அசல் அன்றாததை அசலெனக் காட்டுகிறார். பின்னவர் கடவுள் அன்றாததைக் கடவுளெனக் காட்டுகிறார். இரண்டினுள் பின்னதே பெரும் பொய் என்று நாம் துணிகிறோம்.

ஆதலால் கொட்டகையில் தன் மகனை அருகில் இருத்திக்கொண்டு, கண்ணாடி இழை உடலுக்குத் திருகாணி முடுக்கும் எளிய மனிதரை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. அவர் கோடிகளைச் சேமித்தார் என்பதற்காக அன்று. அச்சிறுவன் அவ்வண்டியைத் தொடலாம், கீறலாம், ஒருநாள் ஓட்டலாம். கீறல் விழுந்தால் தந்தை சற்றே கடிந்துகொள்வார். பின்னர் இருவரும் சேர்ந்து வண்ணம் பூசுவர். திரைப்படத்துத் தந்தை தம் பெருஞ்செல்வத்தைக் கொண்டு வாங்க இயலாத மாலைப்பொழுது அது.

நம் இல்லங்களில் ஃபெராரி இல்லை. ஆனால் பிள்ளைகள் தொட்டால் நாம் பதறும் பொருள் ஒன்று எல்லா இல்லங்களிலும் உண்டு. விருந்தினர் வந்தால் மட்டும் எடுக்கும் பீங்கான் கிண்ணமாகவோ, உறை கழற்றாத நாற்காலியாகவோ, புதிதாக வாங்கிய வண்டியாகவோ அது இருக்கலாம். அது அசலா நகலா என்று கேட்க வேண்டியதில்லை. அதனை எந்தத் துணியால் துடைக்கிறோம், அத்துணி யாருக்கு உரியது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.